பேரனின் நீச்சல் குளம்

"அப்பா, ஜூலை மாசம் முழுக்கப் பையன் பிசீனுக்குப் போறான். நீங்களும் அம்மாவும் அப்ப இங்க இருந்தா எனக்கு ஒத்தாசையா இருக்கும்" என்று மகள் பாரீஸிலிருந்து பேசியபோது எனக்கு ஒரே சந்தோஷம். பிசீன் என்றால் பிரெஞ்சில் நீச்சல் குளம். என் வயதுப் புதுச்சேரிக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சின்ன வயதில் நம் கடற்கரைக்கு அழைத்துப் போனால், அலை காலைத் தொட்டதும் என் தோளில் ஏறிக்கொள்ளும் பிள்ளை அவன். பத்தொன்பது வயதிலாவது நீச்சல் கற்றுக்கொள்கிறானே என்று நேரு வீதியில் நீச்சல் கண்ணாடி ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனேன். விமான நிலையத்தில் அதை எடுத்துக் கொடுத்ததும் பேரன் விழுந்து விழுந்து சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும்தான் வீட்டில் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது.

விஷயம் இதுதான். பாரீஸில் '42' என்று ஒரு பள்ளி இருக்கிறது. கணினிக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. கற்றுக்கொடுக்கும் என்பதுகூடத் தவறு, ஏனென்றால் அங்கே ஆசிரியரே கிடையாது. தொலைபேசி, இணையத் தொழிலில் பெரும்பணம் சம்பாதித்த சேவியே நியேல் என்பவர் 2013-இல் தொடங்கியது. கட்டணம் இல்லை. பட்டம், மதிப்பெண் பட்டியல் எதையும் கேட்பதில்லை. ஓர் ஆங்கில வேடிக்கை நாவலில் உலகத்தின் எல்லாக் கேள்விகளுக்கும் விடை 42 என்று வருமாம். அதனால் அந்தப் பெயர். இப்படி எல்லாமே இலவசம், எல்லோரும் வரலாம் என்றால் ஆளை எப்படிப் பொறுக்குவது? நான்கு வாரம் தண்ணீரில் தள்ளிவிட்டுப் பார்ப்பார்கள். நீந்துகிறவன் உள்ளே, மற்றவன் வெளியே. அந்த நான்கு வாரத்துக்குத்தான் பிசீன் என்று பெயர்.

பேரன் முந்தைய வருடம் சட்டப் படிப்பில் சேர்ந்து முதலாண்டு தேறவில்லை. மாப்பிள்ளைக்கு அதில் பெருங்கோபம். அவருடைய தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். 1962-இல் இணைப்பு சட்டப்படி முடிந்தபோது, ஆறு மாதத்துக்குள் எந்தக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள் அல்லவா, அப்போது பிரான்சைத் தேர்ந்தெடுத்த குடும்பம். என் தகப்பனார் எழுதிக் கொடுக்கவில்லை, நாங்கள் இந்தியர்களாக நின்றோம். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். மாப்பிள்ளை உழைத்து முன்னுக்கு வந்தவர். வாத்தியார் இல்லாத பள்ளி, சான்றிதழ் கேட்காத பள்ளி என்பதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. "இது சரிவரலைன்னா செப்டம்பர்ல வேலைக்குப் போயிடணும்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அப்பாவும் பிள்ளையும் சாப்பாட்டு மேசையில் உப்பு, தண்ணீர் தவிர வேறு எதையும் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஜூன் பாதியில். பிசீனுக்கு முன்னாலேயே ஒரு வடிகட்டல் முடிந்திருந்தது. இணையத்தில் இரண்டு விளையாட்டுகள், ஒன்று ஞாபகசக்திக்கு, மற்றொன்று தர்க்கத்துக்கு. ஆட்டத்தின் விதியை யாரும் சொல்லித் தரமாட்டார்கள், ஆடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதில் தேறியிருந்தான். மிச்சமிருந்த இரண்டு வாரம் தயார் செய்துகொள்ள.

என்ன தயார் செய்வது என்று அவனுக்கே தெளிவாகத் தெரியவில்லை. கறுப்புத் திரையில் எழுத்தால் கட்டளையிடப் பழகினான். படத்தைத் தொட்டுத் திறப்பதெல்லாம் அங்கே கிடையாது. அடைவு உண்டாக்கு, உள்ளே போ, கோப்பைப் பெயர் மாற்று, இந்தக் கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம், யார் இயக்கலாம் என்று அனுமதி போடு. இந்த அனுமதி விவகாரம் எனக்கு உடனே புரிந்தது. ரகசியக் கோப்பு எந்த மேசை வரை போகலாம் என்பதில் முப்பத்தொன்பது வருடம் வாழ்ந்தவன் நான்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் என்னால் உருப்படியாக உதவ முடிந்தது. பிரான்சில் விசைப்பலகை வேறு மாதிரி இருக்கும். முதல் வரிசை ஏ, இஸட், ஈ, ஆர், டி, ஒய் என்று தொடங்கும். 42-இல் இருப்பதோ ஆங்கிலப் பலகை, க்யூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய். பேரன் பிறந்ததிலிருந்து பிரெஞ்சுப் பலகையில் அடித்துப் பழகியவன். ஏ அடித்தால் க்யூ விழுந்தது, எம் இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி. "இதுக்கே ஒரு வாரம் போயிடும் தாத்தா" என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவனுக்குத் தெரியாது, இதே கண்டத்தை நான் 1971-இல் தாண்டியிருக்கிறேன் என்று. என் மாமா ஒரு நொத்தேரிடம் எழுத்தராக இருந்தார். அங்கேயிருந்த பழைய பிரெஞ்சுத் தட்டச்சுப் பொறியில்தான் பள்ளி விடுமுறைகளில் நான் தட்டக் கற்றுக்கொண்டது. பிறகு அரசாங்க வேலைக்கு ஆங்கிலத் தட்டச்சு லோயர் தேற வேண்டும் என்றார்கள். விரல்களுக்குப் பிரெஞ்சு தெரியும், ஆங்கிலம் தெரியாது. ஒரு பழைய துண்டைக் கையின் மேல் போர்த்திக்கொண்டு, கண்ணால் பார்க்காமல் ஏ எஸ் டி எஃப் என்று தட்டித் தட்டித்தான் மாற்றினேன். பேரனுக்கும் அதையே செய்தேன். அவன் அம்மாவின் குசினித் துண்டு ஒன்று, தினம் காலையில் நாற்பது நிமிடம். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரெஞ்சில் சொற்களைச் சொல்வேன், அவன் பார்க்காமல் அடிப்பான். பத்து நாளில் விரல் திரும்பிவிட்டது. நெளிவு அடைப்புக்குறி, சதுர அடைப்புக்குறி எல்லாம் பிரெஞ்சுப் பலகையைவிட இதில் சுலபம் என்று அவனே சொன்னான்.

ஜூலை முதல் திங்கட்கிழமை போனான். வீடு பாரீஸுக்கு வடக்கே சார்செல் பக்கம். எர்-எ-எர் ரயிலில் ஷாத்லே வரை, அங்கிருந்து 14-ஆம் எண் மெத்ரோவில் போர்த் தெ கிளிஷி. இறங்கினால் எதிரே பாரீஸின் புது நீதிமன்றக் கட்டடம் கண்ணாடி மலை மாதிரி நிற்கும். "நீ போக வேண்டிய இடம் அதுதான்னு உங்கப்பா நினைச்சார்" என்றேன் ஒருநாள் கூடப் போனபோது. அவன் சிரிக்கவில்லை. அந்த மாதிரி வேடிக்கைக்கு அது காலமில்லை என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

பள்ளி இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்கும். வாரத்தில் ஏழு நாளும் உண்டு. வரிசை வரிசையாகக் கணினிகள், காதில் எதையோ மாட்டிக்கொண்ட பிள்ளைகள். பயிற்சித் தாள் திரையில் வரும். முதலில் அந்தக் கட்டளை வேலைகள், பிறகு சி மொழியில் எழுத வேண்டிய பயிற்சிகள், எண் வரிசைப்படி. எழுத்து ஒன்றைத் திரையில் போடுவதற்குக்கூட ஆயத்தமாக இருப்பதைப் பயன்படுத்தக்கூடாது, தானே எழுதிக்கொள்ள வேண்டும். சோறு ஆக்கச் சொல்லிவிட்டு, பானையை நீயே வனைந்துகொள் என்பது மாதிரி.

செய்து முடித்ததும் யார் திருத்துவது? பக்கத்தில் இருக்கிறவன். இதுதான் எனக்கு அதிசயமாக இருந்தது. உன்னைப் போலவே நேற்று வந்த இன்னொருவன் உன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இந்த வரி எதற்கு, அந்த வரி எதற்கு என்று கேட்பான். நீ விளக்க வேண்டும். ஒருவரிடம் திருத்தம் வாங்க உன்னிடமிருந்து ஒரு புள்ளி போகும், நீ இன்னொருவருக்குத் திருத்தினால் ஒரு புள்ளி வரும். ஆக, வாங்கிக்கொண்டே இருக்கவும் முடியாது, ஒதுங்கியே இருக்கவும் முடியாது. காப்பியடித்தது தெரிந்தால் பூஜ்யம்கூட இல்லை, மைனஸ் 42.

அதற்கு மேல் ஒரு இயந்திரத் திருத்தம் உண்டு. அதற்குப் பெயர் மூலினெத். நம் பழைய வீடுகளில் சிலருக்கு நினைவிருக்கும், காய்கறி சூப்புக்கு வேகவைத்ததைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றி மசிக்கும் பாத்திரம். மகள் வீட்டிலும் ஒன்று இருந்தது. இந்த மூலினெத் பிள்ளைகளை மசிப்பது. பத்துப் பயிற்சியில் மூன்றாவது தப்பு என்றால் அங்கேயே நின்றுவிடும், மீதி ஏழும் சரியாக இருந்தாலும் எண்ணிக்கையில் வராது. எழுதும் முறைக்கும் தனிச் சட்டம். ஒரு செயல்கூறு 25 வரிக்கு மேல் போகக்கூடாது. ஒரு வரியில் 80 எழுத்துக்கு மேல் கூடாது. இடம் விடுவதில் பிசகினாலும் பூஜ்யம். மாப்பிள்ளைக்கு இது அநியாயமாகப் பட்டது. எனக்கு அப்படிப் படவில்லை. எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் திக்தேவில் ஐந்து பிழை என்றால் பூஜ்யம்தான். பிழை ஆறா, அறுபதா என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை தேர்வு. நான்கு மணி நேரம், இணையம் கிடையாது, குறிப்பு கிடையாது, பேச்சு கிடையாது. முதல் கணக்கு தேறினால்தான் இரண்டாவது கண்ணில் தெரியும். அன்று இரவு பதினொன்றரைக்கு வந்தான். "எப்படிடா?" என்று மகள் கேட்டதற்கு "பரவாயில்ல" என்றான். அடுத்த நாளும் பரவாயில்லை. திங்கள், செவ்வாய், எல்லா நாளும் பரவாயில்லை. என் மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோறு பாதி டப்பாவோடு திரும்பி வந்தது. ஜூலை 14 வந்தது. ஊரில் என்றால் நம் சொல்தாக்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இங்கே இரவு பத்து மணிக்கு மேல்தான் இருட்டி வாணவேடிக்கை ஆரம்பித்தது. ஜன்னலில் நின்று நாங்கள் மூவரும் தூரத்து வெளிச்சத்தைப் பார்த்தோம். மாப்பிள்ளை தொலைக்காட்சியில் பார்த்தார். பேரன் அங்கே.

அன்றிரவு கடைசி ரயிலில் வந்திருக்கிறான். இரண்டு மணி இருக்கும், தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போன நான் விளக்கைப் போட்டதும் திடுக்கிட்டேன். இருட்டில், மேசையில், செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

"சாப்டியா?"

தலையாட்டினான். ஆம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. நான் எதிரில் உட்கார்ந்தேன். பேச வைக்க எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான். "தாத்தா, முதல் தேர்வுல பூஜ்யம். விடை சரிதான். தப்பான அடைவுல போட்டுட்டேன். இன்னிக்கும் சரியா வரல."

"அது போகட்டும். மற்ற பயிற்சி?"

"எழுதி வச்சிருக்கேன். கொடுக்கல."

"ஏன்?"

"கொடுத்தா யாராவது வந்து உக்காந்து கேட்பாங்க. எல்லாருக்கும் முன்னாடியே தெரிஞ்சிருக்கு தாத்தா. சில பேர் ரெண்டு மூணு வருஷமா எழுதுறாங்க. எனக்கு அந்தப் பாயின்டர் சுத்தமா புரியல. புரியாம எப்படிக் கூப்பிடறது? புரிஞ்சப்புறம் கூப்பிடலாம்னு வச்சிருக்கேன்."

பன்னிரண்டு நாள். முடித்த வேலைகளையும் யாரிடமும் காட்டாமல், தானும் யாருக்கும் திருத்தாமல், ஒரு மூலையில். அவன் சொல்லச் சொல்ல எனக்கு என் அலுவலக மேசையின் கீழ் டிராயர்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

இதை நான் இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது எழுதிவிடுகிறேன், சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கோப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில். எனக்கோ பிரெவே வரை எல்லாமே பிரெஞ்சு. தமிழ் வீட்டில் பேசியது, ஆங்கிலம் பள்ளியில் ஓர் அந்நிய பாஷையாகக் கொஞ்சம் தொட்டது. சேர்ந்த இரண்டாவது மாதம் வேறொரு துறைக்கு விவரம் கேட்டு ஒரு கடிதம் வரைவு செய்தேன். பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் கேட்பது. மரியாதையாகக் கேட்பதற்கும் அதே சொல்தான். அதையே நம்பி ஆங்கிலத்தில் 'வீ டிமாண்ட்' என்று எழுதிவிட்டேன். அதிகாரி அதை எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்தார். "யாரப்பா நீ, கவர்னர் துய்ப்ளேக்சா, டிமாண்ட் பண்றதுக்கு?" அறை முழுக்கச் சிரித்தது. அவர் கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட்டு மறந்தும் போயிருப்பார். நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து புரியாத கோப்பு எது வந்தாலும் கீழ் டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவேன். புரிந்தபிறகு எடுக்கலாம் என்று. டிராயரில் கிடக்கும் கோப்பு எப்படிப் புரியும்? மூன்று வாரத்தில் பதினொரு கோப்பு சேர்ந்துவிட்டது. ராத்திரி தூக்கம் போயிற்று. ராஜினாமா எழுதி, அதைப் பிரெஞ்சில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்றுகூடத் தெரியாமல் கிழித்துப் போட்டேன்.

"அப்புறம்?" என்றான்.

"பக்கத்து சீட்டில் ஒரு கடலூர்க்காரர். பென்சில் தேடிக்கொண்டு என் டிராயரைத் திறக்கச் சொன்னார். பார்த்துவிட்டார்."

"திட்டினாரா?"

"இல்லை. 'எடுங்க மேல. முதல் கோப்புல முதல் வரி என்ன சொல்லுது, படிங்க' என்றார்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுந்துபோய் ஒரு பழைய நோட்டும் பென்சிலும் எடுத்து வந்தேன். "பாயின்டர்னா என்ன, எனக்குச் சொல்லு. எனக்கு ஒண்ணுமே தெரியாது, நான் உன்னைத் திருத்த வந்தவன்னு வச்சுக்கோ."

திக்கித் திணறி, பாதி பிரெஞ்சு பாதி தமிழில் சொன்னான். ஒரு பெட்டியில் மதிப்பு இருக்கும், பாயின்டரில் அந்த மதிப்பு இருக்காது, அது எங்கே இருக்கிறது என்ற முகவரிதான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது எங்கள் ரிக்கார்டு ரூம் பதிவேடு அல்லவா?" என்றேன். பதிவேட்டில் கோப்பு இருக்காது. மூன்றாவது அலமாரி, இரண்டாவது தட்டு என்று இடம்தான் எழுதியிருக்கும். அந்தத் தட்டுக்குப் போனால் கோப்பு இருக்கும். சில சமயம் அங்கே போனால் கோப்புக்குப் பதில் ஒரு சீட்டு இருக்கும், 'இன்ன பிரிவுக்குப் போயிருக்கிறது' என்று. அந்தப் பிரிவுக்குப் போனால் அங்கே இன்னொரு சீட்டு. நான் நோட்டில் அலமாரியும் சீட்டும் வரைந்தேன். அவன் கண் விரிந்தது. அவனுடைய பயிற்சியில் ஒன்று அப்படித்தானாம். ஒன்பது நட்சத்திரக் குறி போட்டிருக்கும். சீட்டைப் பார்த்துச் சீட்டுக்குப் போய், ஒன்பதாவது இடத்தில் இருக்கும் பெட்டியில் 42 என்று எழுதிவைக்க வேண்டும்.

"ஒன்பது இடமெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டா?" என்றேன். ஓய்வூதியக் கோப்பு ஒன்றைத் தேடிப் பதினாலு மேசை போனவன் நான்.

அடுத்தது, இரண்டு பெட்டியில் இருப்பதை ஒன்றுக்கொன்று மாற்றுவது. மேசையில் இருந்த இரண்டு காப்பிக் கோப்பையைக் காட்டினேன். ஒன்றில் காப்பி, ஒன்றில் தண்ணீர். மாற்று என்றேன். மூன்றாவதாக ஒரு தம்ளரைத் தானே எடுத்தான். அதுதான் விடை. மணி மூன்றரை. என் மனைவி எழுந்து வந்து, "கிழவனுக்கும் பேரனுக்கும் புத்தி இருக்கா?" என்று விளக்கை அணைத்தாள்.

நான் அவனுக்கு சி மொழி சொல்லிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கப்புறம் அவன் காட்டிய எதுவும் எனக்குப் புரியவில்லை, புரிந்த மாதிரி தலையாட்டவும் இல்லை. அடுத்த நாள் அவன் செய்ததுதான் பெரிய காரியம். முதல் வேலையாக, எழுதி வைத்திருந்ததை எல்லாம் திருத்தத்துக்குக் கொடுத்திருக்கிறான். முதலில் வந்து உட்கார்ந்தது ரொட்டிக் கடையில் வேலை பார்த்த, முப்பது வயதை நெருங்கும் ஒரு பெண். மூன்றாவது வரியிலேயே தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். பூஜ்யம். ஆனால் எழுந்து போகாமல், "எனக்கும் நேற்று இதே இடத்தில்தான்" என்று உட்கார்ந்து பேசியிருக்கிறார். மதியம் இவன் போய் அவருடையதைத் திருத்தினான். இவன் கண்டுபிடித்ததும் ஒரு தப்பு.

பிறகு வார இறுதிகளில் 'ரஷ்' என்று ஒன்று. கூட்டாளிகளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கிப் போட்ட மாதிரி சேர்த்துவிடுவார்கள். ஞாயிறு இரவுக்குள் முடிக்க வேண்டும். ஒரு ரஷ்ஷில் நான்குக்கு நான்கு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் உயரமுள்ள கட்டடம். ஓரத்தில் நின்று பார்த்தால் எத்தனை கட்டடம் தெரியும் என்று எண் கொடுத்திருப்பார்கள், அதை வைத்து உயரங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கணக்கை மட்டும் என்னிடம் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். பென்சிலால் போட்டு முடிக்க எனக்கு ஒரு முற்பகல் ஆயிற்று. அதைக் கணினியே தானாகப் போடும்படி எழுதுவதுதான் அவர்கள் வேலை. இவன் குழுவில் ஒருவன் பாதியில் வராமலே போய்விட்டான். மூன்றாவது வாரத்தில் நிறைய நாற்காலிகள் காலியாகிவிட்டதாகச் சொன்னான். மீதி இரண்டு பேரும் முடித்தார்கள், முழுசாக இல்லை. அன்று வீட்டுக்கு வந்தவன் டப்பாவைக் காலியாகக் கொண்டுவந்தான். "புளிச்சோறு அவளுக்கும் பிடிச்சிருந்தது, நாளைக்குக் கொஞ்சம் அதிகமா வைங்க பாட்டி" என்றான். எங்களுக்கு அது மதிப்பெண்ணைவிட நல்ல சேதியாக இருந்தது.

கடைசி வெள்ளிக்கிழமை இறுதித் தேர்வு, எட்டு மணி நேரம். அன்று மாலை மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து உடை மாற்றாமலே இருந்தார். ஏழு மணிக்குக் கார் சாவியை எடுத்துக்கொண்டு, "மாமா, காத்தாட வரீங்களா?" என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. போர்த் தெ கிளிஷியில் பள்ளிக்கு எதிர்ப்புறம் காரை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியே வந்து நடைபாதையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். இவன் வந்தான். காரைப் பார்த்ததும் ஒரு நொடி தயங்கினான். மாப்பிள்ளை இறங்கிப் போய் அவன் பையை வாங்கிக்கொண்டார். "எத்தனை தேறிச்சு?" என்று கேட்கவில்லை. "பசிக்குதா?" என்றுதான் கேட்டார். அவருக்கு அது நிறையப் பேச்சு.

வீட்டுக்கு வந்து பதினான்கு மணி நேரம் தூங்கினான். முடிவு உடனே சொல்வதில்லை, மின்னஞ்சலில் வரும். தேர்வுகளின் மதிப்பெண் மட்டும் போதாது, நான்கு வாரத்தில் எப்படி முன்னேறினான் என்பதையும் பார்ப்பார்களாம். எங்களுக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில் ஊர் திரும்ப டிக்கெட். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால், நான் மொட்டை மாடிச் செடிகளைப் பற்றி ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தபோது, உள்ளே மகள் கத்தும் சத்தம் கேட்டது. எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நவம்பரில் சேர்ந்தான். இன்று அவனே புதிதாக வருகிற பிள்ளைகளைப் பற்றிப் பெரிய மனிதன் மாதிரி பேசுகிறான்.

புறப்படும் அன்று காலை பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். அந்த நீச்சல் கண்ணாடியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, "தாத்தா, அந்தப் பதினோரு கோப்பு என்ன ஆச்சு?" என்றான்.

கடலூர்க்காரரும் நானும் ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து மூன்று சாயங்காலத்தில் முடித்துவிட்டோம் என்றேன். பாதிக்கு மேல் ஒன்றுமே இல்லை, தேதி போட்டு அடுத்த மேசைக்கு அனுப்ப வேண்டியவை. ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பெரிய பயம். அதன் ஓரத்தில் அந்த அதிகாரி சிவப்பு மையில் 'பிளீஸ் ஸ்பீக்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். இங்கிலீஷ் பேசத் தெரியாதவன் என்று என்னைக் குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து அதை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்திருந்தேன். கடலூர்க்காரர் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அரசாங்கக் கோப்பில் அப்படி எழுதினால், இதைப் பற்றிப் பேசணும், என் அறைக்கு ஒரு நடை வந்துட்டுப் போங்க என்று அர்த்தமாம். மூன்று வாரமாக அவர் நான் வருவேன் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.